பீரோவுக்குள் கொடைக்கானல்

பீரோவைத் திறந்ததும் இட்லிக் குண்டானைத் திறந்ததுபோல் குப்பென்று முகத்தில் அடித்தது சூடு. தேசப்பன் பின்வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எட்டிப் பார்த்தான். நடுத்தட்டில், எரிகிற பல்புக்குக் கீழே, பிகோனியாச் செடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

"ரத்னா! செடி சாவுது!"

"சாவாம இன்னா பண்ணும்? இரும்புப் பொட்டில வெச்சு, தலைக்கு மேல பல்பும் எரியவுட்டா நானே செத்துடுவேன்." அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "என் பொடவையெல்லாம் வாரி டிரங்குப் பொட்டில போட்ட பாரு, அதுங்க வுட்ட சாபம்."

செடி அவனுடையது இல்லை. தொழிற்சாலை மேனேஜர் பாக்கியநாதனுடையது. அவருக்கும் அது மாமியார் கொடைக்கானலிலிருந்து கொடுத்தனுப்பியது. போன வாரம் அவன் வேலை பார்க்கும் ஸ்டோர்ஸுக்கே வந்து தொட்டியை அவன் மேசைமேல் வைத்தார்.

"பங்களாவுல வெள்ளை அடிக்கிறாங்க தேசப்பா. கொஞ்ச நாள் உன் வீட்ல இருக்கட்டும். வெயில் ஆகாது, அனல்காத்து ஆகாது, இருட்டும் ஆகாது. எங்க அத்தை நேர்ல வந்து பார்ப்பாங்க."

சித்திரை மாதத்துக் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? அவன் இருந்ததோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் அடுத்த வீட்டு ஆடு. ஜன்னலில் உருக்காலைப் புகை. மிச்சம் இருந்த ஒரே பத்திரமான இடம், மாமனார் சீராகக் கொடுத்த இரும்பு பீரோ. இருட்டு ஆகாதே என்று உள்ளே ஒரு பல்பையும் தொங்கவிட்டான்.

மாதக் கடைசியில் அவன் வேலை நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்பது பாக்கியநாதன் கையில் இருந்தது. ஆகாவிட்டால் பெரியபாளையத்தில் மாமனாரின் தேங்காய்க் கடைதான். அவன் உட்காருவதற்கென்று அவர் ஒரு ஸ்டூலைத் துடைத்தே வைத்திருப்பதாகக் கேள்வி.

மறுநாள் காலையில் மேனேஜர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"செடி இன்னும் இருக்கா?"

"இருக்குது சார். ஒரு எலை மட்டும் லேசா வாடிச்சு…"

"ஒரு இலைதானா?" அவர் அவனையே உற்றுப் பார்த்தார்.

தேசப்பன் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். ஒன்றோடு நிறுத்திக்கொள் என்கிறார்! இரண்டாவது இலை உதிர்ந்தால் வேலையும் உதிர்ந்துவிடும்.

சாயங்காலமே ஃபிட்டர் யேசுதாஸைக் கையோடு அழைத்து வந்தான். அவர் பீரோவைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"காத்து போவ வழியே இல்லியேப்பா. மேல ஓட்டை போட்டா சூடு வெளிய போவும். கீழ ஓட்டை போட்டா குளுந்த காத்து உள்ள வரும். அம்மாந்தான்."

ரத்னா தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஓட்டைகள் விழுந்துவிட்டன. குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே பீரோவைப் பார்த்தாள்.

"எங்க நைனா குடுத்த பீரோவ சல்லடையாக்கிட்டியா?"

"கோச்சுக்காத ரத்னா. எல்லாம் வேலைக்காவத்தான்."

"வேலை போனா கடையாவது இருக்குது. பீரோ போனா எங்க நைனா மூஞ்சில எப்டி முழிப்பேன்?" அவள் குரல் உடைந்தது.

யேசுதாஸ் ஓசைப்படாமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நழுவினார்.

சூடு மேலே போகத்தான் செய்தது. ஆனால் கீழே வரவேண்டிய குளிர்ந்த காற்று அந்த அறையில் இருந்தால் அல்லவா வரும்? வந்ததெல்லாம் எறும்பு. தேசப்பன் மேசை விசிறியைக் கீழ் ஓட்டைகளுக்கு நேராக வைத்தான். அது அறையின் அனலையெல்லாம் திரட்டி உள்ளே ஊதியது. இரண்டாவது இலை வாடி விழுந்தது.

"எத்தனை இலை?" என்றார் பாக்கியநாதன் மறுநாள்.

"ரெண்டு சார்."

"பரவாயில்ல, பரவாயில்ல." டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வெட்டப்போகிற ஆட்டுக்கும் முதலில் தழைதான் கொடுப்பார்கள். தேசப்பன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில், பழவேற்காட்டிலிருந்து வந்த மீன் வண்டியை மறித்து ஒரு கூடை ஐஸ் வாங்கினான். உமி ஒட்டிய பாளத்தைக் கீழ்த்தட்டில் வைத்ததும் பீரோ ஜில்லென்று ஆனது. "கொடைக்கானல்டி ரத்னா!" என்று கூத்தாடினான்.

கொடைக்கானல் கொஞ்ச நேரம்தான் நீடித்தது. ஐஸ் உருகியதும் மீன் வாடை கிளம்பியது. தெருவில் உள்ள பூனைகளெல்லாம் பீரோவைச் சுற்றி உட்கார்ந்து பாடின. திறந்த கதவு வழியாக உள்ளே தாவிய ஒன்றை விரட்ட அவன் ஈரத் துண்டை வீசினான். பூனை விலகியது; துண்டு சுடுகிற பல்பின்மேல் விழுந்தது. பல்பு வெடித்தது. ஃபியூஸ் போனது. அந்த வரிசை வீடுகள் அத்தனையும் இருண்டன.

"எவன்டா அவன், பீரோல மீன் வளக்கறவன்?" பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் வாசலில் நின்று கத்தினாள். "நாளு பூரா அந்த ஊட்டோட ஒரே பேஜாரு!"

தேசப்பன் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். "முடிஞ்சிச்சு ரத்னா. தேங்காக் கடைக்கே போயிடலாம்."

ரத்னாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து போய் ஒரு கோணிச் சாக்கை நனைத்து வந்தாள்.

"இன்னா பண்ற?"

"தண்ணிப் பானைக்கு ஈரத்துணி சுத்தறோம், ஜில்லுனு ஆவுதில்ல? அத்த இந்தக் கீழ் ஓட்டைங்க மேல கட்டு. விசிறிய கீழருந்து எடுத்து மேல வெளியப் பாக்க வையி. அது உள்ள இருக்கற சூட்டை இழுத்துத் தள்ளட்டும். சாக்கு வழியா வர்ற காத்து ஈரமா வரும். பல்பு சின்னதாப் போடு, கல்யாண ஊட்டு வெளக்கு மாதிரி இன்னாத்துக்கு?"

அவன் அவளையே பார்த்தான். "இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"பீரோவ ஓட்டை போட்ட கோவம். இப்பவும் இருக்குது."

ஃபியூஸைப் போட்டு, அவள் சொன்னபடியே செய்தான். சாக்கு காயக் காய இருவரும் மாறி மாறித் தண்ணீர் தெளித்தார்கள். அவன் வேலைக்குப் போன பிறகு அவளே விசிறிக்கும் சாக்குக்கும் காவல். செடி நிமிர்ந்தது. புது இலை விட்டது. ஒருநாள் காலை, இளஞ்சிவப்பாய் ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. ரத்னா அதற்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

மேனேஜரிடம் இதை அவன் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "ஏதோ இருக்குது சார்," என்று மட்டும் மழுப்பினான். நேரில் கண்டு அவர் மகிழட்டுமே!

மாமியார் வந்து இறங்கிய அன்று, தேசப்பன் தொட்டியைச் சுமக்க, ரத்னா குடை பிடிக்க, சாமி புறப்பாடுபோல் பங்களாவுக்குப் போனார்கள். மொட்டு விரிந்து முழுப் பூவாகியிருந்தது.

"ஐயோ, பூத்திருக்கே!" மாமியார் குழந்தை மாதிரி கைதட்டினார்.

பாக்கியநாதன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று தேசப்பன் நெகிழ்ந்தான்.

"மாப்பிள்ளை, இந்தப் பையனுக்கு வேலை நிரந்தரம்தானே?"

"இன்னும்… இல்ல அத்தை."

"இன்னைக்கே பண்ணுங்க. இப்படிப்பட்ட ஆளை விடலாமா?"

"பண்ணிடறேன் அத்தை," என்றார் அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

தேசப்பனுக்குக் கண் கலங்கியது. ரத்னா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, சமையல்காரர் சாலமோன் வாசல் கேட் அருகே அவனை மறித்தார்.

"இன்னா காரியம்பா பண்ணிட்ட?"

"இன்னாண்ணே? எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சிச்சு?"

சாலமோன் பங்களாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"'இந்தச் செடி உங்க ஊரு வெயிலத் தாங்குச்சின்னா நானும் தாங்குவேன், ஊட்ட வித்துட்டு உங்ககூடவே வந்துடறேன்'னு அந்தம்மா சொல்லி அனுப்புன செடிப்பா அது, இந்த ஊர்லயே செடி வளக்கத் தெரியாத ஆளு யாருன்னு நாலு பேரக் கேட்டுத்தானேய்யா ஐயா அத்த உன்கிட்ட குடுத்தாரு!"