முப்பத்திரண்டு மூங்கிலும் ஒரு பன்னீர்ப் போத்தலும்

ஒரு வீட்டின் யோக்கியதையை அதன் மாடியில் நிற்கும் மூங்கிலைக் கொண்டு அளப்பது என்று கீழக்கரையில் ஒரு தெரு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே செம்புக்கம்பி ஓடினால் அது ஏரியல். ஏரியல் இருந்தால் ரேடியோ இருக்கிறது. ரேடியோ இருக்கிற வீடென்றால் பெண் கேட்டு நாலு பேர் வருவார்கள். ரேடியோ யானை விலை விற்றது. மூங்கிலோ உச்சிப்புளியில் சல்லிசாகக் கிடைத்தது. ஆகவே தெருவில் முப்பத்திரண்டு வீட்டிலும் ஏரியல் எழும்பிற்று. ஒரு வீட்டிலும் ரேடியோ இல்லை. கம்பியின் கீழ்முனை பூட்டிய அறைக்குள் போய்க் கட்டில்காலில் முடிச்சாக முடிந்தது.

சங்கு வியாபாரி பாக்கர் வீட்டு மூங்கில்தான் இருப்பதிலேயே உயரம். அவர் மகள் மஜீதாவுக்குப் பதினேழு வயது. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவாள். கொழும்பிலிருந்து மாமா அனுப்பிய படிகக்கல்லையும் காதுக்குழாயையும் வைத்துக்கொண்டு, காலிப் பன்னீர்ப் போத்தலில் கம்பி சுற்றி, கல்லின் மேல் ஓர் ஊசியை நகர்த்தி நகர்த்தி, ஒரு மாசம் தன் மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாள் செய்தியே கேட்டுவிட்டாள். வாப்பாவின் ஏரியலைத் தொட அனுமதி இல்லை. தொட்டால் கட்டில்கால் கதை வெளியே வந்துவிடும். அதனால் துணி காயப்போடும் கம்பியே அவளுக்கு ஏரியல்.

அன்றிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் உப்புக் கடன் கேட்டு வரலானார்கள்.

“எங்க ரேடியோவுல ஒரே கரகரப்பு மஜீதா. உன் போத்தல்ல என்ன சொன்னான்?” என்பாள் அடுத்த வீட்டு சுலைகா.

இந்நிலையில் ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் விஜயம் செய்தார். கழுத்து வலிக்க அண்ணாந்து எண்ணினார். முப்பத்திரண்டு ஏரியல், எனவே முப்பத்திரண்டு ரேடியோ, எனவே முப்பத்திரண்டு லைசென்ஸ். ரேடியோ இல்லை என்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. கட்டினார்கள்.

பாக்கர் வீட்டில் மஜீதா, போத்தலும் கல்லும் வைத்த தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இதுக்கும் ஒரு லைசென்ஸ் குடுங்க சார்.”

“எத்தனை வால்வு?”

“வால்வு கிடையாது.”

“எந்தக் கம்பெனி?”

“நான்தான்.”

“கரண்டு?”

“கரண்டே வேண்டாம் சார்.”

“ஏரியல்?”

“அந்தா, வாப்பா கைலி காயுதே.”

வீரபத்திரன் பேனாவை மூடினார். “பாரத்துல நாலு கட்டமும் காலி. ஆகையினால இது ரேடியோ இல்ல.”

அவள் பெட்டியைத் துணிக்கம்பியோடு இணைத்துக் காதுக்குழாயை நீட்டினாள். மாட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவர் மழை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கேக்குதா சார்?”

“நல்லாவே கேக்குது. ரேடியோ அல்லாத வஸ்துவிலேர்ந்து செய்தி வர்றது ரொம்பப் பெரிய குத்தம். வெள்ளிக்கிழமை பறிமுதல் பண்ண வாரேன்.”

அவர் போனதும் பாக்கர் சொன்னார்: “குடுத்துரு புள்ள. நமக்குத்தான் பெரிய ரேடியோ இருக்குல்ல.”

“எங்கன இருக்கு வாப்பா?”

பாக்கர் சங்கு எண்ணப் போய்விட்டார்.

மறுநாள் உப்புக்கு வந்தவர்களிடம் மஜீதா, செய்தி வாசிப்பவரின் கட்டைக்குரலில், இருமலோடு சேர்த்துச் சொன்னாள்: “வால்வு இல்லாத பெட்டிகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை; அவற்றைப் பறிமுதல் செய்யலாகாது என்று சர்க்கார் அறிவித்திருக்கிறது.” மத்தியான லுஹர் பாங்குக்குள் முப்பத்திரண்டு வீட்டிலும் அது அவரவர் ரேடியோவில் கேட்ட செய்தியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வீரபத்திரன் சாக்கோடு வந்தார். சுலைகா வாசலிலேயே மறித்தாள்.

“என்ன சார், செய்தி கேக்கலையா? எங்க ரேடியோவுல ரெண்டு தடவை சொன்னான்.”

“எங்களதுல மூணு,” என்றது எதிர்வீடு.

“உங்க குவார்ட்டர்ஸ்லயும் மூங்கில் நிக்குதே சார்?” என்றாள் சுலைகா.

வீரபத்திரன் வீட்டுக் கட்டிலுக்கும் கம்பி கட்ட நாலு கால் இருந்தது.

“கேட்டேன், கேட்டேன். உங்களுக்குத் தெரியுதான்னு சோதிச்சேன்,” என்று சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தார். மேலிடத்துக்கு எழுதினார்: ‘மேற்படி அறிவிப்பை அடியேன் என் சொந்த ரேடியோவில் கேட்டேன். ஐயா அவர்களும் கேட்டிருப்பீர்கள் என நம்புகிறேன்.’

மேலிடத்து மாடியிலும் மூங்கில் உண்டு. பத்தாம் நாள் பதில் வந்தது:

‘மேற்படி அறிவிப்பை யாமும் தெளிவுறக் கேட்டோம். அதன் இரண்டாம் பகுதியைத் தாங்கள் கவனிக்கவில்லை போலும். வால்வு உள்ள பெட்டிகளுக்கு லைசென்ஸ் கட்டணம் இரட்டிப்பு. உடனே வசூலிக்கவும்.’

“ஆமா, நாங்களும் அன்னைக்கே கேட்டோம்,” என்று தெரு முழுக்கச் சொல்லி, முழுக்கக் கட்டியது.

பாக்கர் தன் பங்கைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மகளை முறைத்தார்.

“ரெண்டாம் பகுதியை நீ சொல்லவே இல்லையே?”

“அப்படி ஒண்ணு வரவே இல்ல வாப்பா.”

“உன் போத்தலுக்கு எட்டியிருக்காது,” என்றார் பாக்கர் இரக்கத்தோடு. “அதுக்கு முதல் பகுதி கேட்டதே பெருசு.”

மஜீதா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பிறகு கதவைச் சாத்தி, காதுக்குழாயை இறுக்கி மாட்டிக்கொண்டு, ஊசியைக் கல்லின் மேல் மெள்ள மெள்ள நகர்த்தினாள். ஒருவேளை, ரேடியோவில் நிஜமாகவே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.