வியாழக்கிழமை இடுப்பளவு

எல்லாரும் சௌக்கியமா? சுகரும் பிரஷரும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? மேலகரம் அய்யாத்துரை பேச்சை அவை கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டன. அதுதான் வந்த சங்கடம்.

அன்று குளித்துவிட்டு வேட்டி கட்டும்போது, அரைஞாண் கயிறு தொளதொளவென்று இறங்கி நின்றது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அய்யாத்துரை பதறினார். டேப்பை எடுத்து அளந்தார். எண்பத்தொன்பது!

விஷயம் இதுதான். தென்காசிக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஊர்க்காரர்களின் ரத்தத்தை எடுத்தது, தொப்பையை அளந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கூட்டணி போட்டு எந்த இனத்தாரை அதிகம் பிடிக்கிறது என்று பார்க்கிறார்களாம்.

அந்தக் குழுவின் நர்ஸ் பெர்சிஸ்தான் அவருக்கு விளக்கினாள்.

"இதே வயிறு வெள்ளைக்காரனுக்குன்னா இவ்வளவு பயமில்ல அண்ணாச்சி. நம்ம ஜீன் அப்படி. ஆம்பளைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர் தாண்டினாலே ஆபத்து. வியாழக்கிழமைதோறும் போன் போட்டுக் கேப்பேன். தொண்ணூறுக்குக் கீழ வந்துட்டா லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்துருவோம். என் தொல்லை இருக்காது."

அந்தத் தொல்லைதான் அவருக்கு வேண்டியிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கனடாவில். "சாப்ட்டியளா?" என்று கேட்கப் பெர்சிஸ் ஒருத்திதான்.

அன்று வியாழக்கிழமை; போன் அடித்தது.

"அண்ணாச்சி, சாப்ட்டியளா? இடுப்பு எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு தாயி."

"கூடிட்டுல்லா! ராத்திரி சோத்தை நிறுத்துங்க. ரெண்டு சப்பாத்தி போதும்."

அய்யாத்துரை இடுப்பில்தான் பொய் சொன்னார். சப்பாத்தியில் நேர்மையாக இருந்தார். கயிறு இன்னும் இறங்கியது. பயந்துபோய் அடுத்த வாரம் நூறு என்றார்.

"நூறா? நடக்கீயளா இல்லையா?"

"நடக்கேனே, முக்குக்கடை வரைக்கும்."

"குத்தாலம் வரைக்கும் நடங்க. வழியில பரோட்டாக் கடைப் பக்கம் தலை திரும்பக் கூடாது."

நடந்தார். தலை திரும்பவில்லை. வேட்டிதான் நிற்கவில்லை. பெல்ட் வாங்கி, அதில் ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டார்.

"என்ன அண்ணாச்சி, சட்டை மட்டும் நடந்து வருது, ஆளைக் காணும்?" என்றார் பழக்கடை மகாதேவன்.

அந்த வியாழன் போனில் நூற்றுப்பத்து என்றார் அய்யாத்துரை. மறுமுனையில் ஒரு விசும்பல்.

"என் தப்புதான் அண்ணாச்சி. உங்களச் சரியாக் கவனிக்கல. நாளைக்கு மத்தியானம் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அய்யாத்துரைக்குச் சப்பாத்திகூட இறங்கவில்லை. தன்னால் அந்தப் பெண்ணின் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டால்? விடிந்ததும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட ஆராய்ச்சி ஆபீசுக்கு ஓடினார். ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடிதான்.

கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் வாட்ச்மேன் உச்சிமாகாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரப் பாக்கணும். நர்ஸ் பெர்சிஸ் மேல தப்பே இல்ல. நான்தான் இடுப்பைக் கூட்டிக் கூட்டிச் சொன்னேன்."

உச்சிமாகாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த டாக்டரு? ஆராய்ச்சி முடிஞ்சு, சாரல் சீசனுக்கு முன்னாடியே எல்லாரும் பெட்டி கட்டிட்டாவளே! வேலை போன பொறவும் அந்தப் பெர்சிஸம்மா மட்டும் வியாழக்கிழமையானா இந்தப் படியில வந்து உக்காந்து, யாரோ ஒரு அண்ணாச்சிக்குப் போன் போட்டு, சாப்ட்டியளான்னு கேட்டுட்டுப் போவும்… பாவம், அதுக்கும் வீட்டுல பேச ஆளில்ல பாத்துக்கிடுங்க."