அறுபதில் ஒன்று

வினாத்தாள் பீரோ திறக்க மறுத்தபோது மணி ஒன்பது. பத்துக்குப் பரீட்சை. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். கணக்கு வாத்தியார் சாக்பீஸில் கை வைத்தார்.

எழுத்துப் பூட்டு. பழைய ரகசியம் ஊருக்கே தெரியும் என்று நேற்று மாலை அவரே புதிதாக மாற்றியிருந்தார். துணைத் தலைமையாசிரியர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்த நேரம். பொறுப்பைக் காட்ட வேண்டாமா? மறக்காமலிருக்கச் சீட்டிலும் குறித்திருந்தார்: ஏ மூன்று, பி இரண்டு, சி ஒன்று. வரிசையைக் குறிக்கவில்லை. வரிசையையும் எழுதிவிட்டால் அப்புறம் என்ன ரகசியம்?

"ஆறு எழுத்துன்னா எழுநூத்தி இருபது விதமா வருமே சார்," என்றார் ஓவிய டீச்சர்.

"மூணு ஏ தங்களுக்குள்ள இடம் மாறிக்கிட்டா யாருக்கு டீச்சர் தெரியப்போகுது? அதுக்கு ஆறால வகுங்க. ரெண்டு பி-க்கு ரெண்டால வகுங்க. வெறும் அறுபது."

துடைப்பத்தோடு ஆயாம்மா வாசலில் வந்து நின்றார். "சார், அந்தப் பீரோ..."

"கணக்கு நடக்குதும்மா. குறுக்க வராதீங்க."

மூன்று வரிசை போட்டதும் பூட்டு சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு ஊமையானது. மூன்று தவறுக்கு அதன் தண்டனை அது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தார். பத்து மணிக்குள் ஆறு தவணை, தவணைக்கு மூன்று, ஆக அறுபதில் பதினெட்டு. பத்துக்கு மூன்று பங்கு வாய்ப்பு. மோசமில்லை என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று டிரில் மாஸ்டரை வரவழைத்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழு இழுத்தார். கைப்பிடி வந்தது, கதவு வரவில்லை.

ஆயாம்மா மறுபடி வாயெடுத்தார். வாத்தியார் சாக்பீஸை உயர்த்தினார், வாய் மூடிக்கொண்டது.

பதினெட்டும் பொய்த்தன. மணி அடித்தது. வாத்தியார் நாற்காலியில் சரிந்தார். துணைத் தலைமை என்ன, இருக்கிற வேலை தங்கினாலே புண்ணியம்.

"இப்ப சொல்லுங்கம்மா," என்றார் இறங்கிப்போன குரலில்.

"ஒண்ணுமில்ல சார். நேத்து டீச்சருக்குப் பூட்டோட பெருமைய விளக்கிட்டே கடைசில புது எழுத்தைப் பதிய வைக்கிற அந்தப் பச்சை பட்டனை அமுக்காமப் போயிட்டீங்க. காலைல பழைய எழுத்துலயே திறந்து, ஹெட்மாஸ்டர் சார் கேட்டாருன்னு வினாத்தாள் கட்டை அப்பவே குடுத்துட்டேன், பிள்ளைங்க எழுத உக்காந்தாச்சு, மேற்பார்வைக்கு வரவேண்டிய ஆள் எங்கன்னு உங்களத்தான் தேடிட்டு இருக்காரு."