கௌரவனுக்கு வந்த இருமல்

குஞ்ஞாடி,
ஆடி மாதம், விடாத மழை.

சிரஞ்சீவி மைத்துனன் சேஷப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் தேரண்ண ரை எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. பசுவும் கன்றும் நலம். பாக்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்க மழை ஒரு நாள்கூட வழிவிடவில்லை என்றாலும் தோட்டமும் நலம். உன் அக்காள் ஜலஜாக்ஷி மிக மிக நலம். என்னைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன். உடுப்பியில் உன் குடும்பமும் மருந்துக்கடையும் நலமாக இருக்க நம் வீட்டுப் பஞ்சுர்ளி தெய்வம் காக்கட்டும். உன் கடை நலமாக இருக்க வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்கள் நலமில்லாமல் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வாழ்த்துகிறேன்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஃபோன் யார் கையில் இருக்கிறது? நான் பாதி வாக்கியம் சொன்னால் மீதியை உன் அக்காள் சொல்லி முடித்துவிடுகிறாள், அதுவும் நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிராக. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரதத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் உங்களைப் போன்ற பட்டதாரிகளோடு சபையில் வாதாடுகிறேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டு ஃபோனில் பேச இடமில்லை. ஆகவே எழுதுகிறேன். இதை அவளிடம் காட்டாதே.

எனக்கு ரத்தக்கொதிப்பு என்று முதலில் சொன்னது யார், எந்த நிலையில் சொன்னார்கள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்று புத்தூருக்குப் பாக்கு விற்கப் போயிருந்தேன். அந்த வியாபாரி என் பாக்கைக் கையில் உருட்டிப் பார்த்து இரண்டாம் தரம் என்றான். என் தோட்டத்துப் பாக்கை! அவனையும் அவன் தகப்பனையும் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அங்கேயே சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டடத்தில் இலவச மருத்துவ முகாம் என்று எழுதியிருந்ததால் உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த நர்ஸுப் பெண் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்து, முள்ளைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி முள்ளைப் பார்த்தாள். "தாத்தா, உங்களுக்குத் தலை சுத்தலையா?" "எனக்கு ஏன் சுத்தணும்? நான் கேட்ட கேள்விக்கு அவனுக்குத்தான் சுத்தணும்" என்றேன். அதன் பிறகு வேறு வேறு நாட்களில் அளந்தும் அப்படியேதான் வந்தது என்று நீயும் புத்தூர் டாக்டரும் கூட்டாகச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் நான் அந்தப் பாக்குக்காரனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் கொடுத்த மாத்திரையில் சாயங்காலம் ஆனால் இரண்டு காலும் பலாப்பிஞ்சு போல வீங்கிக்கொண்டன. என் செருப்பு எதுவும் நுழையவில்லை. உன் அக்காளுடைய நீல ரப்பர் செருப்பு, மேலே பிளாஸ்டிக் பூ வைத்தது, அதுதான் நுழைந்தது. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். திரும்பி வரும்போது அதையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டரிடம் சொன்னதும் வேறு மாத்திரை எழுதினார். அது கால் நீரை வடித்தது. வடித்த நீர் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதல்லவா? மங்களூருக்குப் பஸ் ஏறினேன். முதல் தடவை நிறுத்தச் சொன்னபோது கண்டக்டர் சிரித்தான். இரண்டாம் தடவை பெருமூச்சு விட்டான். மூன்றாம் தடவை, "தாத்தா, இது பஸ்ஸா, உங்க வீட்டு மாட்டு வண்டியா?" என்றான். முன் சீட்டில் மீன் கூடை வைத்திருந்த அம்மாள்தான், "ஏலே, உனக்கும் வயசாகும்டா, நிறுத்துடா" என்று அதட்டினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். நான்காம் தடவை அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதே மாத்திரையில் இன்னொரு குணம், உட்கார்ந்தவன் சட்டென்று எழுந்தால் பூமி நழுவும். கல்யாண வீட்டில் அட்சதை போட எழுந்தேன். எழுந்தது தெரியும், அடுத்து நான் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் இருந்தேன். கள்ளுக்கடைப் பக்கம் நிழலுக்குக்கூட ஒதுங்காதவன் நான். பந்தலில் ஒருத்தன், "ரை மாமா காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு போல" என்றான். மீண்டும் டாக்டர். "மாமா, உங்க அளவுக்கு மாத்திரைய இனிமே தைக்கத்தான் குடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவதை எழுதினார். "எது சேரலைன்னாலும் வந்து சொல்லுங்க" என்றும் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் எதற்கு அந்தப் படி ஏறுகிறேன்? ஏறவில்லை.

மூன்றாவது மாத்திரையில் கால் வீங்கவில்லை, பஸ்ஸை நிறுத்த வேண்டியதில்லை, பூமியும் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் இருமல் வந்தது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வெறும் வறட்டு இருமல். தொண்டைக்குள் யாரோ கோழி இறகை வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தது போல.

சேஷப்பா, நம்முடைய தாளமத்தளத்தில் வேஷம் உண்டா? ஆட்டம் உண்டா? வேட்டியும் சால்வையுமாக நாற்காலியில் உட்கார்ந்து, பாகவதர் ஒரு பாட்டுப் பாட, அந்தப் பாட்டின் பொருளை வைத்து வாயாலேயே பாரதப் போர் நடத்துகிறோம். வாய் ஒன்றுதான் கிரீடம், வாய் ஒன்றுதான் கதை. அந்த வாயோடு போன வாரம் சுள்ளியத்தில் கிருஷ்ண தூதுக்குப் போனேன். எப்போதும் போல நான் கௌரவன், துரியோதன மகாராஜன். கிருஷ்ணனாக அந்தக் கல்லூரி லெக்சரர், பிரசன்ன ராவ். நல்ல பிள்ளை, படித்தவன், கொஞ்சம் பயந்தவன்.

பத்மநாப பாகவதருக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு உனக்குத் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். காது மட்டும் என் தொண்டையில் இருக்கும். என் பேச்சு முடியும்போது ஒரு தடவை செருமுவேன். செருமினால் அவர் அடுத்த பாட்டை எடுப்பார். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. அன்றும் பிசகவில்லை, அதுதான் கேடு.

கிருஷ்ணன் வந்து பாதி ராஜ்ஜியம் கேட்டான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "வா கேசவா, என் அரண்மனைச் சோற்றை ஒதுக்கிவிட்டு விதுரன் வீட்டுக் கஞ்சியைக் குடித்த..." என்றேன். இருமல் வந்தது. பாகவதர் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். பாதி ராஜ்ஜியம் வேண்டாம், ஐந்து ஊராவது கொடு என்று கிருஷ்ணன் கெஞ்சுகிற பாட்டு. லெக்சரர் என்னைப் பார்த்தான், பாட்டுக்குக் கட்டுப்பட்டு ஐந்து ஊர் கேட்டான். நான், "ஐந்து ஊரா?" என்றேன். இருமல். கௌரவன் கோபம் கொண்டு கிருஷ்ணனைக் கட்டச் சொல்கிற பாட்டு! எனக்கு இன்னும் கோபமே வரவில்லை, சேஷப்பா. கோபம் வருவதற்கு முன்பு சொல்ல வேண்டிய நியாயங்களே ஒரு மணி நேரத்துக்கு இருந்தன. கையைக் காட்டிப் பாகவதரை நிறுத்தப் பார்த்தேன். கண் மூடியிருப்பவருக்குக் கை என்ன தெரியும்? வாயால் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது சொல் அல்ல. விசுவரூபப் பாட்டு ஆரம்பித்தது. ஊசி முனை அளவு நிலமும் தர மாட்டேன் என்று நான் சொல்வதைக் கேட்கத்தான் ஜனம் வருகிறது. அந்த ஊசியை நான் கையில் எடுப்பதற்குள் மங்களம் பாடி முடித்துவிட்டார்கள்.

சமையல்காரன் கரண்டியோடு மேடைக்கே ஓடி வந்தான். "என்ன அதுக்குள்ள மங்களமா? உப்புமா இன்னும் தாளிக்கவே இல்லையே!" முன் வரிசையில் ஒரு கிழவர் சால்வையை மடித்துக்கொண்டே, "எத்தனையோ தூது கேட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கௌரவன் நல்லவனா இருந்தான், எதுவுமே பேசல" என்றார். அவருக்கு என்னைவிட நாலு வயது கூட. இல்லாவிட்டால் பதில் சொல்லியிருப்பேன். இருமல் விட்டிருந்தால்.

இரண்டு நாள் கழித்து நம் கோயில் கமிட்டி ஐத்தப்பன் வீட்டுக்கு வந்தான். மழையில் குடையை மடக்காமலே வாசலில் நின்று பேசினான். அப்போதே தெரிந்துவிட்டது நல்ல சேதி இல்லை என்று. "ரை மாமா, கோகுலாஷ்டமிக்கு நம்ம கோயில் தூதுல சேஷப்ப மாமா கிருஷ்ணனா வர்றாரு. நீங்க இந்தத் தடவ விதுரனா உக்காருங்களேன். விதுரனுக்குக் கொஞ்சந்தான் பேச்சு. நடுவுல இருமினாலும் வயசான மனுசன்னு ஜனம் பொறுத்துக்கும்." "அப்ப கௌரவன்?" "அந்த லெக்சரரையே கேட்டுருக்கோம்." விதுரன்! வந்தவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற வேலை! ஐத்தப்பனுக்கு மோர் கொடுத்தேன். ரத்தக்கொதிப்பு என்று உன் அக்காள் உப்பை ஒளித்துவிட்டதால் இந்த வீட்டில் மோருக்கு உப்பு கிடையாது என்பது அவன் வாயில் வைத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அது ஒன்றுதான் அன்று எனக்கு ஆறுதல். மாவடு ஜாடி எங்கே போனது என்று எனக்கே தெரியாது. கருவாட்டுச் சட்னியின் வாசனைகூட மறந்துவிட்டது.

அன்றிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். காலையில் உன் அக்காள் தண்ணீரும் மாத்திரையுமாக வருவாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டு, பிறகு வெற்றிலைப் பெட்டியில் இலைக்குக் கீழே வைத்துவிடுவேன். சுண்ணாம்பு தேடி அவள் பெட்டியைத் திறப்பாள் என்று யாருக்குத் தெரியும்? சத்தம் போடுவாள் என்று தயாராக இருந்தேன். சத்தத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் வாயத் தின்ன வியாதி இது. இந்த வீட்டுல இன்னொரு வாய அதுக்குக் குடுக்க மாட்டேன். நீங்க கௌரவனா இருங்க, விதுரனா இருங்க, வாசல் கூட்டறவனா இருங்க. பேசிக்கிட்டு இருந்தாப் போதும்."

உன் அண்ணன் தூமண்ணனைத்தான் சொல்கிறாள். அவர் கிருஷ்ணனாக உட்கார்ந்தால் எதிரில் கௌரவனாக இருக்கும் எனக்கே ராஜ்ஜியத்தைக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். மாத்திரையைத் தோட்டத்தில் எறிந்தார், பக்கவாதம் வந்தது, இப்போது தண்ணீர் வேண்டும் என்பதற்குக் கையை ஆட்டுகிறார். தெரியும். ஆனால் அவர் சுருட்டுப் பிடிப்பார், நான் பிடிப்பதில்லை. அது வேறு, இது வேறு. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. அடுத்த பாட்டை எடுக்க அங்கே யாரும் இல்லை. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கும் மாத்திரையைப் போலவே வெள்ளையாக, அதே அளவில், உள்ளே ஒன்றுமில்லாத மாத்திரை ஏதாவது உன் கடையில் இருக்கும். அதை அதே போன்ற அட்டையில் வைத்து அனுப்பு. அஷ்டமி முடிகிற வரை போதும். உன் அக்காள் முன்னால் வாயைத் திறந்து காட்டியே விழுங்குகிறேன். இது கபடம் என்று சொல்லாதே. அஷ்டமிக்குக் கிருஷ்ணனாக உட்காரப் போகிறவன் நீ. கிருஷ்ணன் செய்யாத கபடமா? ஐத்தப்பனிடமும் ஒரு வார்த்தை சொல், எதிரில் தேரண்ண ரை கௌரவனாக இல்லாவிட்டால் நீ வர மாட்டாய் என்று. வயதில் மூத்தவன், உன் அக்காளைக் கட்டியவன், இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. உன் கல்யாணத்தன்று உன் மாமனார் வீட்டாரோடு நடந்த சண்டையில் உன் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான். அந்தச் சண்டையை ஆரம்பித்தவனும் நான்தான் என்பது வேறு விஷயம்.

உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் கடையில் கூட்டம் குறையாமலும், அந்தக் கூட்டத்தில் நம் வீட்டார் யாரும் நிற்காமலும் தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உப்பும் உரிமையும் பறிக்கப்பட்ட உன் மைத்துனன்,
தேரண்ண ரை

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. தூமண்ணனை மகன் அழைத்து வந்திருந்தான், தங்கையைப் பார்க்க. மேலே எழுதியதையெல்லாம் நடுநடுவே இருமிக்கொண்டே அவருக்கு வாயால் சொன்னேன். சுள்ளியத்துக் கதையில் உப்புமா வந்த இடத்தில் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இருந்தது. உற்சாகத்தில், "பெரிய மச்சான், அன்னிக்கு நான் சொல்ல முடியாமப் போனத நீங்களாவது கேளுங்க" என்று கௌரவன் பேச்சை எடுத்தேன். அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படி நிமிர்ந்தால் அவர் கிருஷ்ணன் என்று உனக்குத் தெரியும். நான் நிறுத்திய இடத்தில் அவர் முறை வந்தது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நல்ல கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து ஊர். நான், "தர மாட்டேன்" என்றேன். நான்கு விரலை மடக்கினார். ஒன்று. அந்த ஒரு விரலால் என் வெற்றிலைப் பெட்டியைக் காட்டினார்.

இலைக்குக் கீழே இருந்த மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டேன், சேஷப்பா. பேச்சுள்ள காலமெல்லாம் வாதாடி அவர் என்னிடம் வாங்காததை, பேச்சில்லாமல் ஒரு விரலால் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. பொய் மாத்திரை வேண்டாம். இருமலைச் சொல்ல நாளைக்கு டாக்டரிடம் போகிறேன். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். பத்மநாப பாகவதரிடமும் பேசிவிட்டேன். "இதுக்கா இவ்வளவு கலவரம்? பேச்சு முடிஞ்சா நாற்காலிக் கைய ஒரு தட்டுத் தட்டுங்க அண்ணே" என்றார். ஆனால் ஐத்தப்பனிடம் சொல்ல வேண்டியதை மறக்காமல் சொல். கௌரவன் நான்தான்.

உன் அக்காளிடம் மட்டும் நான் இணங்கிவிட்டேன் என்று சொல்லாதே. ஊசி முனை அளவும் விட்டுக்கொடுக்கவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்; இல்லாவிட்டால் காலையில் தண்ணீரும் கையுமாக என்னைத் தேடி வர மாட்டாள். தூமண்ணன் விரலைக் காட்டியபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்று மத்தியானம் மோரில் ஒரு சிட்டிகை உப்பு இருந்தது.