ஹேக்கர் என்றால் வெட்டுகிறவன்

ஆங்கிலமே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். எழுபதுகளின் கடைசியில், மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் அப்படிப்பட்ட ஆபத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்காரர்களிடம் பேச முதலாளி காதர் பாய் என்னைத்தான் நம்பியிருந்தார். (பாவம்.)

ஒரு மத்தியானம், அமெரிக்கத் தாடிக்காரன் ஒருவன் வந்து போன் பேச வேண்டும் என்றான். போன் செத்துக் கிடக்கிறது என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

"ஐ ஆம் எ ஹேக்கர்," என்றவன், ஒரு கத்தி கிடைக்குமா என்று கேட்டான்.

உள்ளே ஓடி அகராதியைப் புரட்டினேன். 'ஹேக்: வெட்டு, கொத்து.' அகராதியோடு பாயைத் தேடிப் பிடித்தேன்.

"பாய், அவன் ஆளை வெட்றவனாம். கத்தி கேக்கறான்."

"இன்னாடா மணி சொல்ற? அவன் வாயாலயே சொன்னானா?"

"சிரிச்சிக்கினே சொல்றான் பாய்."

சமையல்காரர் கத்திகளை அரிசி மூட்டைக்குள் புதைத்தார். பாய் பின்பக்கமாக ஓடி ஒரு கான்ஸ்டபிளைக் கூட்டிவந்தார். மூவரும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தோம். மேஜைமேல் போன் குடல் சரிந்து கிடந்தது. கத்தி கிடைக்காத தாடிக்காரன், ஒயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். அடுத்து என் கழுத்துதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கான்ஸ்டபிள் லத்தியோடு பாய்ந்தார். "இன்னா தொர, யாரு நீ?"

"ஹேக்கர்!"

"ஒத்துக்கினான் சார்!" என்று அலறினேன். தாடிக்காரனின் கை முதுகுக்குப் பின்னால் முறுக்கப்பட்டது.

அந்த நேரம் பார்த்து, செத்துக் கிடந்த போன் அடித்தது. பாய் பதறி எடுத்தார். "யாரைக் கேக்கறீங்க, மணியையா? இங்கதான் கீறான். வெட்டு கேஸு, போலீஸ் வந்துகீது. அப்பால பேசுங்க!" என்று வைத்துவிட்டார்.

போன் பிழைத்துவிட்டதைப் பார்த்து கான்ஸ்டபிள் பிடியை விட்டார். தாடிக்காரன் கையைத் தேய்த்துக்கொண்டே விளக்கினான். கம்ப்யூட்டரோ, வேறு எந்திரமோ, குடைந்து குடைந்து ஓட வைப்பவனை அவன் கல்லூரியில் செல்லமாக 'ஹேக்கர்' என்பார்களாம். டெலிபோன் லைனுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவனுக்கு 'ஃப்ரீக்' என்று வேறு பெயராம். தான் அந்த ரகம் இல்லையாம்.

"அப்டின்னா என் வூட்டு ரேடியோவையும் பாக்கச் சொல்லு," என்றார் கான்ஸ்டபிள்.

எனக்கு மூச்சு வந்தது. "போன்ல யாரு பாய்?"

"கூடுவாஞ்சேரிலேர்ந்து யாரோ. உனுக்குப் பொண்ணு குடுக்கறதா இருந்தாங்களாமே?"

இருந்தார்கள்தான். அந்தக் குடும்பத்தைச் சமாதானம் செய்து, அதே பெண்ணைக் கட்டுவதற்குள் என் அப்பாவுக்குச் செருப்புத் தேய்ந்தது. இன்றும் செய்தியில் எந்தக் கம்ப்யூட்டரையாவது ஹேக் செய்துவிட்டார்கள் என்று வந்தால், என் மனைவி பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள்.

"தாத்தாவைக் கேளுங்க. எத்தனை பேர் செத்தாங்கன்னு கரெக்டா சொல்லுவாரு."