ஒறம்பரையாக வந்த அப்கிரேடு

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில், வீடு தேடி வந்து ஒருவர் எதையாவது கேட்டால், முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. "பாக்கலாமுங்க", "ரோசன பண்ணிச் சொல்றேனுங்க" என்று இழுத்து, காபி கொடுத்து அனுப்பிவைப்போம். வந்தவரும் புரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். மனிதர்களிடம் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. கம்ப்யூட்டரிடம் நடக்காது என்பதை நான் என் மருமகளின் வேலையைப் பணயம் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என் மருமகள் சுகன்யா குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தாள். வேலை வீட்டிலிருந்தே. முதலில் சில மாதம் தற்காலிகம். அதன் பிறகு அவள் செய்த டிசைன்களைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். அந்தப் பார்வையிடல் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வீடியோ காலில்.

அவளுடைய லேப்டாப்பில் மூடியோடு இருக்கும் திரை செத்துப்போயிருந்தது. (கீபோர்டின் மேல் டெஸ்டரை வைத்துவிட்டு மூடியை அழுத்தி மூடியது யார் என்பது வேறு கதை. அதிலும் என் பெயர்தான் வரும்.) அதனால் பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி இணைத்திருந்தாள். அவளுக்குக் கண் என்றால் அந்த மானிட்டர் ஒன்றுதான். பிற்பகலில் அவள் வேலை முடித்ததும் நான் அதில் தேங்காய் விலை பார்ப்பேன். தொண்டாமுத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் தோப்பு உண்டு. பாஸ்வேர்டை அவளே சொல்லியிருந்தாள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

அந்த வாரம் நான் உட்காரும்போதெல்லாம் திரையில் ஒரு பெட்டி வந்து, புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, அப்கிரேடு செய்துகொள்ளலாமா என்று கேட்டது. கீழே 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள். 'வேண்டாம்' என்று ஒன்று இல்லை. அதைச் செய்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களோ என்னவோ. நானும் மரியாதையாகப் 'பிறகு' என்பதை அமுக்கினேன். மனிதனாக இருந்தால் புரிந்துகொண்டிருப்பான். அது மறுநாளும் வந்து, கொஞ்சமும் கோபப்படாமல், அதே பணிவோடு கேட்டது. அதற்கு அடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் பேரனோடு கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். பெட்டி மறுபடி வந்தது. எனக்கு உண்மையிலேயே கூச்சமாகிவிட்டது. ஒருவரை எத்தனை தடவைதான் வாசலோடு திருப்பி அனுப்புவது? 'இப்போது' என்பதை அமுக்கிவிட்டேன்.

அது வெகுநேரம் ஓடியது. நடுவில் பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தேன். இனிமேல் சுலபமாக நுழைய நான்கு இலக்க எண் ஒன்று வைத்துக்கொள் என்றது, வைத்தேன். ஒருமுறை அணைந்து எழுகிறேன் என்றது, சரி என்றேன். அணைந்தது. எழவில்லை. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. பாவம், அத்தனை நேரம் உழைத்ததே, தூங்கட்டும் என்று சுவிட்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். (படித்து, பொறியியல் பட்டம் வாங்கி, ஒரு பம்ப்செட் கம்பெனியின் சோதனைப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன் அப்படித்தான் நினைத்தேன்.)

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சுகன்யா வந்து சுவிட்சைப் போட்டாள். லேப்டாப்பின் விசிறி ஓடியது. மானிட்டரின் மூலையில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. படம் மட்டும் வரவில்லை.

"ஏனுங் மாமா, நேத்து இதுல ஏதாச்சும் பண்ணுனீங்களா?"

"இல்லையே அம்மணி. தேங்கா வெல மட்டும் பாத்தேன்" என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு விரைவாக வாயில் வந்தது வேறு எதுவும் இல்லை.

பொய் சொன்னவனுக்குச் சுறுசுறுப்பு அதிகமாகிவிடும். எழாத மோட்டார்களுக்கு முன்னால் என் உத்தியோக காலம் முழுவதும் நின்றவன் நான். ஒன்று வோல்டேஜ் இருக்காது, அல்லது எங்காவது இணைப்பு தளர்ந்திருக்கும். இதுதான் என் சித்தாந்தம். டெஸ்டரை எடுத்துவந்து பிளக்கில் வைத்தேன். மல்டிமீட்டரால் அளந்தேன். கேபிளைக் கழற்றி, முனையை ஊதி, மாட்டினேன். எதிர்வீட்டில் மாவு மில் ஓடுவதால் வோல்டேஜ் குறைகிறது என்று ஒரு குற்றச்சாட்டையும் போட்டேன். எதிர்வீட்டில் மாவு மில்லை நிறுத்திப் பல வருடமாகிறது.

"மானிட்டர்தான் போயிருக்கோணும் அம்மணி. டீவியில மாட்டிப் பாக்கலாம் வா" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அங்கே என் மனைவி மரகதம் காலை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தி, டீவியின் பின்னால் கேபிளைச் செருகினேன். டீவியும் கறுத்தது.

"நல்லா இருந்த டீவியையும் கெடுத்துப்போட்டீங்களா?" என்றாள் மரகதம்.

மணி பத்தை நெருங்கியது. சுகன்யா தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். நான் கேபிளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"சார், சிஸ்டம் ஆன் ஆகலீங்க... டிசைனெல்லாம் அதுலதானுங்க இருக்குது... என்ற தப்புத்தானுங்க சார். காலைல நேரமே போட்டுப் பாத்திருக்கோணும்... பதினஞ்சு நிமிஷமுங்களா? சரிங்க சார். அதுக்குள்ள வந்துர்றேனுங்க."

போனை வைத்தபோது அவள் குரல் லேசாக உடைந்திருந்தது. என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு 'என்ற தப்பு' என்று அவள் சொன்ன அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

"கண்ணு, நேத்து அது அப்கிரேடு பண்ணலாமான்னு கேட்டுச்சு. நான் சரின்னு சொல்லிப்போட்டேன்."

"ஆரு கேட்டாங்க?" என்றாள் மரகதம்.

"கம்ப்யூட்டரு."

"அது கேட்டா, நீங்க வேண்டாம்னு சொல்லோணுமில்ல?"

"தெனமும் வந்து கேக்குது மரகதம். எத்தன நாளைக்கு மொகத்துல அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பறது?"

சுகன்யா என்னைத் திட்டவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கோபம் ஏற ஏற 'ங்க'வும் ஏறும்.

"நெம்பச் சந்தோசமுங்க மாமா. இத நீங்க ஒம்பது மணிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நெம்ப நெம்ப நல்லா இருந்திருக்குமுங்க மாமா."

எதிர்வீட்டு மாவு மில்லைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அவள் செல்போனில் தேடினாள். அப்கிரேடுக்குப் பிறகு வெளி மானிட்டர் எழவில்லை என்று தட்டியதுமே பதில் வந்துவிட்டது. இதே சங்கடம் பலருக்கும் வந்திருக்கிறது. பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரை லேப்டாப்பின் சொந்தத் திரைக்கே போய்விடும். உள்ளே நுழைந்த பிறகுதான் வெளித் திரைக்குப் படம் வரும். ஆனால் அந்தச் சொந்தத் திரைதான் செத்துவிட்டதே. ஆக, எங்கள் லேப்டாப் நேற்றும் எழுந்துதான் இருந்தது, இன்றும் எழுந்துதான் இருந்தது. யாருக்கும் தெரியாத இருட்டில், பாஸ்வேர்டு கொடுங்கள் என்று கைகட்டிக் காத்திருந்தது. நான் அதற்கு வோல்டேஜ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ண மூடிட்டு அடிக்கற மாதிரி அடிக்கோணும், அவ்வளவுதான்" என்று சுகன்யா எதுவும் தெரியாத திரையைப் பார்த்துப் பாஸ்வேர்டை அடித்து என்டரைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தாள். இல்லை. என் வாக்குமூலம் பாதிதான் முடிந்திருந்தது.

"அம்மணி... அது நேத்து நாலு நம்பர் வேற கேட்டுச்சு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன நம்பருங்க மாமா?"

"ரெண்டாயிரத்தி எண்ணூத்தி எம்பது."

"அதென்னுங்க நம்பரு?"

"மோட்டாரு நிமிசத்துக்குச் சுத்தற சுத்து, அம்மணி" என்றாள் மரகதம். "கல்யாணமான மக்யா நாளு விடிஞ்சதுமே எனக்குச் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

சுகன்யா அந்த இருட்டில் நான்கு எண்களைத் தட்டினாள். டீவி ஒருமுறை இமைத்தது. பிறகு ஹால் முழுக்க வெளிச்சமாக அவளுடைய டிசைன்கள் விரிந்தன: குழந்தைகளுக்கான பனியன்கள், மார்பில் சின்னச் சின்ன யானைகள்.

லேப்டாப்பை மறுபடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போக நேரமில்லை. டீவிக்கு முன்னால் டீப்பாயை இழுத்துப்போட்டு, அங்கேயே உட்கார்ந்து வீடியோ காலில் சேர்ந்துவிட்டாள். கேமராவில் விழாதபடி நானும் மரகதமும் சுவரோடு ஒட்டி நின்றோம். ஏன் தாமதம் என்று அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஊட்டுக்கு ஒறம்பரை வந்துட்டாங்க சார். இல்லைன்னு சொல்லி அனுப்ப முடியலீங்க" என்றாள் சுகன்யா, அமைதியாக.

ஒறம்பரை என்றால் எங்கள் ஊரில் விருந்தாளி. அந்த மனிதரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. "அது சரி, ஒண்ணும் பண்ண முடியாதுங்களே" என்று சிரித்துவிட்டு, டிசைன்களைக் காட்டச் சொன்னார். அடுத்த ஒரு மணி நேரம் அவள் பேசப் பேச நான் சுவரை விட்டு நகரவில்லை. அந்த யானைகளை அவள் எத்தனை யோசித்து வரைந்திருந்தாள் என்பதை அன்றுதான் கேட்டேன்.

வேலை நிரந்தரமானது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அது கெட இருந்ததில் மட்டும் பெரும் பங்கு இருந்தது. அப்கிரேடுக்குச் சரி சொன்னதை அவள் மன்னித்துவிட்டாள். ஒன்பது மணிக்கு நான் சொன்ன 'இல்லையே அம்மணி'யை அவள் ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை. நான்தான் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

லேப்டாப்புக்குப் புதுத் திரை போட்டாகிவிட்டது. போன வாரம் தேங்காய் விலை பார்க்க உட்கார்ந்தேன். அதே பெட்டி, அதே பணிவு. கையை மடியில் வைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டேன்.

"அம்மணி, ஒறம்பரை வந்திருக்குது!"

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "உக்காரச் சொல்லுங்க மாமா, வாரேன். தண்ணி வேணும்னா குடுங்க. வேற எதுக்கும் சரின்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க!"