கேட்கச் சொன்னார்கள்

அன்றைக்குப் பிள்ளை வளர்ப்பு வகுப்பில் இருந்தவர்கள்: பாடம் சொல்லும் டீச்சர், முடிவு சொல்லும் அதிகாரியம்மா, பஸ் டிரைவர், அவர் மனைவி, அவர்களுடைய கைக்குழந்தை, நான், என் மனைவி, ஐந்து வயதான மச்சினன் மகள். ஆக எட்டுப் பேர்.

மச்சினனும் அவன் மனைவியும் ஒரே லாரியில் அடிபட்டுப் போய்விட்டார்கள். பிள்ளை காப்பகத்தில் இருந்தது. அன்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குக் குழந்தை கிடையாது. எங்களுக்கு வளர்க்கத் தெரியும் என்று அதிகாரியம்மா நம்பினால் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத யார் வீட்டுக்கோ போகும். இன்றுதான் கடைசி வகுப்பு, சோதனையும் இன்றுதான்.

எனக்கு இருந்த ஒரே பயம் என் மனைவியின் வாய். அவள் பேச ஆரம்பித்தால் வந்த விருந்தாளி செருப்பைத் தேடுவார். கேட்பதோ எனக்குத் தண்ணி பட்ட பாடு. கிடங்கு வாசலில் காவல் வேலை. வருகிற ஆளை நிறுத்திக் கேட்பதற்குத்தான் சம்பளம். டீச்சரும் வாரம் தவறாமல் அதையே சொன்னார்: “முதல்ல பிள்ளையைக் கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

பஸ்ஸில் வரும்போதே திட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

“அங்க நீ வாயைத் திறக்காதே. கேக்கறதை நான் பார்த்துக்கறேன்.”

“திறக்கவே மாட்டேன். நீங்களே கேளுங்க. நல்லாக் கேளுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

முதலில் டிரைவர். குழந்தை அவர் சட்டையை நனைத்தது. அவர் அசையவில்லை. தேறிவிட்டார் என்று மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து நாங்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

“பேர் என்ன?”

பிள்ளை தரையைப் பார்த்தது.

“எங்கேர்ந்து வர்றே?”

சட்டை நுனியை வாயில் வைத்துக் கடித்தது. வாசலில் நான் அடுத்துக் கேட்கிற கேள்வி தானாகவே நாக்கில் வந்து நின்றது.

“யாரைப் பார்க்கணும்?”

பிள்ளை மேசைக்கு அடியில் போய்விட்டது.

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். முட்டி வலிக்காரியான என் மனைவி நாற்காலியைப் பிடித்துக் கீழே இறங்கி, தவழ்ந்து மேசைக்கு அடியில் நுழைந்தாள். வெளியே தெரிந்தது அவள் உள்ளங்கால் மட்டும். கொடுத்த வாக்கை மீறவில்லை. வாயைத் திறக்கவேயில்லை.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து துருப்பிடித்த கீல்போல ஒரு குரல் வந்தது.

“அத்தை, அம்மாவோட ஒரு செருப்புதான் கிடைச்சுது.”

“ம்.”

“இன்னொண்ணு ரோட்டுலயே இருக்கு.”

“ம்.”

‘ம்’ என்பதை வாயை மூடிக்கொண்டே சொல்லலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதேயில்லை. பிள்ளை சொல்லிக்கொண்டே போனது. லாரியின் நிறம், அப்பா கூப்பிட்ட விதம், யாரோ தன் கண்ணைப் பொத்தியது, விரல் சந்து வழியாகப் பார்த்தது. அதிகாரியம்மா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

டீச்சர் என் பக்கம் குனிந்தார். “ஐயா, நான் கேக்கச் சொன்னது இதால,” என்று காதைத் தொட்டுக் காட்டினார்.

பிள்ளை இன்றைக்கே அத்தையோடு போகலாம் என்றார் அதிகாரியம்மா. மாமா மட்டும் அடுத்த வகுப்பில் முதலிலிருந்து உட்கார வேண்டுமாம்.

மனைவியைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

“கேக்கறதுன்னா இதுதான்னு உனக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா?”

பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. நானும் கூட வரலாமா என்று கேட்டேன். அது என்னைப் பார்க்காமல் அவள் காதில் ஏதோ சொன்னது.

“கொஞ்சம் தள்ளியே வரச் சொல்றா,” என்றாள்.

இரண்டு பேரும் படி இறங்கினார்கள். டீச்சரும் அதிகாரியம்மாவும் பின்னாலேயே போனார்கள். கூடத்தில் மிச்சம் ஒருவர்.